சலூன்காரர் லேத் வாங்கிய கதை

முடி வெட்டுகிற கடையில் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், ஒரு வாரத்துக்குள் அதற்கு ஊரே யோசனை சொல்ல வந்துவிடும். சலூன்காரருக்கு இது தெரியாததல்ல. இருபத்தெட்டு வருடமாக அதே கடையில், அதே இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நின்றவர். ஆனாலும் ஒருநாள் காலை, வெல்டிங்காரரின் பிடரியை மழித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு ஒரு சின்ன லேத் வாங்கலாம் என்றிருப்பதாகச் சொல்லிவிட்டார்.

வெல்டிங்காரர் அடுத்த தெருவில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவர். சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்தார்.

"இரும்பு கடையுற லேத்தா? உங்களுக்கு எதுக்குண்ணே?"

எதற்கு என்று சொல்லப் போனால் அது பத்து வருடக் கதை. ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் சலூன்காரர் ஒரு நீராவி இன்ஜினைப் பார்த்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பித்தளைச் சிலிண்டர், அதற்குள் போய்வருகிற ஒரு குட்டித் தண்டு, ஓரத்தில் ஒரு சக்கரம். தண்ணீர் ஊற்றிய குட்டிக் கொப்பரைக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி எரிய, மேலே சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது. மற்றவர்கள் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்கள். இவர் அங்கேயே நின்றுவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சக்கரம் அவர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதேபோல் ஒன்று செய்துவிட வேண்டும் என்று, கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில் எல்லாம் அரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை நிதானம் இல்லாத ஆள் இல்லை. அவர் கத்தி பட்டு யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததாகப் பேச்சே கிடையாது. பித்தளைக் கம்பியைத் துளை போடும் மிஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, அரத்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்து, அந்தத் தண்டை மூன்று முறை செய்தார். கண்ணுக்கு அது உருண்டையாகத்தான் தெரிந்தது. காற்றுக்குத் தெரியவில்லை. ஆவிக்குப் பதில் வாயால் ஊதிப் பார்த்தபோது காற்று ஓரமாக நழுவி வெளியே போயிற்று, சக்கரம் அசையவில்லை. கை சரியில்லை என்று தன்னையே நொந்துகொண்டார்.

கடைசியில் வீட்டுக்காரிதான் ஒரு முடிவு கட்டினார். அவர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். ஆள் உயரத்துக்குச் சுற்றுகிற மிஷின்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்.

"பத்து வருஷமா ராவிக்கிட்டே இருக்கீங்க. ஒண்ணு அந்த மிஷினை வாங்குங்க, இல்லைன்னா ஆசையை விட்டுடுங்க. நம்ம துணி துவைக்கிற ரூம்ல பாதியை எடுத்துக்கங்க. என் பாதிக்கு மட்டும் வந்துடாதீங்க."

சலூன்காரர் ஆசையை விடுகிற ஜாதி இல்லை.

அதன்பிறகு கடையில் ஆளாளுக்கு ஒரு யோசனை. லேத் என்றால் பெரிதாகத்தான் வாங்க வேண்டும், பெரியதில் சின்ன வேலையும் செய்யலாம் என்றார் ஒருவர். பெட்டியில் வருகிற புதுச் சின்ன லேத்துகள் எல்லாம் விளையாட்டுச் சாமான் என்றார் இன்னொருவர். பழைய இரும்புதான் இரும்பு என்றார் மூன்றாமவர். அவருக்கும் லேத்துக்கும் சம்பந்தமே கிடையாது, மருந்துக்கடை வைத்திருப்பவர். சலூன்காரர் எல்லாருக்கும் தலையாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தவர் சொல்வதற்கு நின்றுகொண்டிருப்பவர் தலையாட்டுவது அந்தத் தொழிலில் பழகிப்போன விஷயம்.

முதலில் பழைய இரும்புக் கிடங்கில் ஒன்றைப் பார்த்து மயங்கினார். கட்டில் நீளம், யானைக் கனம், விலை மட்டும் நம்பமுடியாத அளவுக்குக் குறைவு. கைப்பிடிச் சக்கரத்தைத் தொட்டதுமே மனதுக்குள் வாங்கிவிட்டார். வீட்டுக்காரி அளவு நாடாவோடு அதைச் சுற்றி வந்தார். பிறகு மின்வேலைக்காரரிடம் கேட்டதில், அதற்கு வீட்டுக் கரண்ட் போதாது, தொழிற்சாலைக்குக் கொடுக்கிற த்ரீ ஃபேஸ் வேண்டும் என்று தெரிந்தது.

"இதை இறக்கி வச்சுட்டு, அதைச் சுத்தி வீடு கட்டிக்கலாம்" என்றார் வீட்டுக்காரி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்தது, ஆணிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதம். நல்ல நிலையில் உள்ள லேத், நான்கடி நீளம், வீட்டுக் கரண்டிலேயே ஓடும், உடனே விற்கப்படும் என்று எழுதியிருந்தது. அளவு துவைக்கிற அறைக்குப் பொருந்தியது. விலையும் கைக்கு எட்டியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருவரும் விலாசத்தைத் தேடிப் போனார்கள்.

கதவைத் திறந்தது ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். பம்ப் தொழிற்சாலையில் டர்னர். இருபத்தைந்து வருடமாக லேத்தில் கடைசல் பிடிக்கிறவர். தொழிற்சாலையில் பழைய லேத்தை மாற்றியபோது அதைத் தானே வாங்கி, வீட்டுக் கரண்டுக்கு மோட்டாரை மாற்றி, முன்னறையில் போட்டு, வீட்டிலும் கொஞ்சம் வேலை எடுத்துச் செய்துவந்தார். சலூன்காரர் அவரை "அக்கா" என்றார். அவர் சலூன்காரரை "அண்ணே" என்றார். யாருக்கு யார் பெரியவர் என்று இருவரும் விசாரிக்கவில்லை. அது அப்படியே நிலைத்துவிட்டது.

ஏன் விற்கிறார் என்பது உள்ளே போனதும் புரிந்தது. பின்பக்கத்துச் சின்ன அறையில் அவர் கணவர் படுத்திருந்தார். பஸ் டிரைவராக இருந்தவர். நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாயும் கோணிவிட்டது. அந்த அறையில் சக்கர நாற்காலியைத் திருப்ப இடமில்லை. வெளிச்சமும் இல்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வருகிறது, அதை ஜன்னல் உள்ள முன்னறையில்தான் போட வேண்டும். அதற்குள் லேத் வெளியேற வேண்டும்.

வீட்டுக்காரி நாடாவை எடுத்துக் கதவை அளந்தார். நுழையும். சலூன்காரர் பணம் இருந்த பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்போது டர்னரம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல என்ன செய்யப் போறீங்கண்ணே?"

இத்தனை பேர் இத்தனை யோசனை சொன்னார்களே, வெல்டிங்காரர்கூட எதற்கு என்றுதான் கேட்டாரே ஒழிய, என்ன செய்யப்போகிறாய், எவ்வளவு பெரியது என்று ஒருவரும் கேட்கவில்லை. சலூன்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அந்தப் பித்தளைத் தண்டு, சுண்டுவிரலில் பாதி.

டர்னரம்மா அதை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினார். கண்ணால் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே உருட்டினார்.

"மூணு இடத்துல மேடு இருக்கு. வெறும் அரத்தால இந்த அளவுக்குக் கொண்டுவந்ததே பெரிசு" என்றார். சலூன்காரருக்குக் காது சிவந்துவிட்டது. பத்து வருடத்தில் அந்தத் தண்டைப் பார்த்து யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

டர்னரம்மா தண்டைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சலூன்காரரை லேத்தின் பக்கத்தில் கூப்பிட்டு, வெட்டும் கத்தியைத் தாங்கிக்கொண்டு நகர்கிற பாகத்தின் கைப்பிடியை அவர் கையிலேயே கொடுத்தார். இந்தக் கோடியில், சுற்றுகிற தலைக்குப் பக்கத்தில், அது வெண்ணெயாய் நகர்ந்தது. ஆடாமல் இருக்கும்படி திருகைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு, அந்தக் கோடி வரை ஓட்டச் சொன்னார். பாதி தூரத்திலேயே இறுகி நின்றுவிட்டது.

வேலை எல்லாம் எப்போதும் இந்தக் கோடியில்தான் நடக்கிறது, அதனால் இங்கே மட்டும் அந்தப் பாகம் ஓடுகிற தண்டவாளம் தேய்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் புதிதாகவே இருக்கிறது என்று விளக்கினார். இங்கே சரி செய்தால் அங்கே இறுகும், அங்கே சரி செய்தால் இங்கே ஆடும்.

"எவ்வளவு தேஞ்சிருக்குக்கா?"

"முடி அளவுதான்."

"முடின்னா, யார் முடி?" என்றார் சலூன்காரர். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. குழந்தை முடிக்கும் பெரியவர் முடிக்கும் எத்தனை வித்தியாசம் என்று அவருக்கல்லவா தெரியும்.

டர்னரம்மா அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார். அலமாரியிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து நீட்டினார். சலூன்காரர் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுத்தார். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஏழு பங்கு. இருபத்தெட்டு வருடம் முடியோடு வாழ்ந்த மனிதர், அதன் கனத்தை எண்ணாக அன்றைக்குத்தான் பார்த்தார்.

"உங்க முடி ஒண்ணரை அளவுக்கு இதுல தேய்மானம் இருக்கு. கேட்டுக் கீலு, வண்டி அச்சுக்குப் போடுற புஷ்ஷு, இதுக்கெல்லாம் இந்த லேத் தங்கம். உங்க தண்டுக்கு ஆகாதுண்ணே. சனிக்கிழமைக்குள்ள இதை எடுத்தாகணும், நீங்க எடுத்தா எனக்கு நிம்மதிதான். ஆனா அப்புறம் இன்னும் பத்து வருஷம் உங்க கையைத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருப்பீங்க. குத்தம் மிஷின்ல இருக்கும்."

காகிதத்தில் நல்ல நிலை என்று எழுதியது தன் தம்பி என்றும், அவன் எழுதியது பொய்யில்லை, யாருக்கு நல்ல நிலை என்பதைத்தான் எழுதவில்லை என்றும் சொன்னார்.

வீட்டுக்காரிதான் முதலில் அசைந்தார். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, உள்ளே போய்ப் படுத்திருந்தவரை நலம் விசாரித்தார். சலூன்காரரும் பின்னாலேயே போனார். போனவர் கண் போன இடம் வேறு. அந்த மனிதரின் முடி காதை மூடியிருந்தது, நாலு மாதத் தாடி கழுத்து வரை இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து வெட்ட யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றார் டர்னரம்மா. தானே ஒருமுறை கத்தரியை எடுத்துப் பார்த்தாராம், கை வரவில்லையாம். இரும்பில் முடி அளவுக்குக் கணக்குப் பார்க்கிற கை.

மறுநாள் காலை கடையைத் திறக்குமுன் சலூன்காரர் தன் பெட்டியோடு அங்கே போனார். கோணிய முகத்தில் சவரம் செய்வது லேசான வேலை இல்லை. ஒரு பக்கத்துத் தோல் இழுத்துப் பிடிக்கிறது, மறு பக்கம் தொளதொளவென்று கத்தியோடு வருகிறது. முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். டிரைவர் நெடுநேரம் பார்த்தார். இடது கையால் தாடையைத் தடவினார். நாக்கு புரளாததால் அவர் சொன்னது புரியவில்லை, ஆனால் டர்னரம்மா சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே கடையில் சலூன்காரர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை வேண்டுமென்றே திறந்தார். கேட்டுக்கும் கீலுக்கும் தங்கமான லேத் ஒன்று இருக்கிறது என்று, உட்கார்ந்தவரிடமெல்லாம் சொன்னார். வெல்டிங்காரர் இரண்டாம் நாளே போய்ப் பார்த்தார். டர்னரம்மா அவரிடமும் ஒன்றரை முடி தேய்மானத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். தன் கேட்டுகளுக்கு ஒன்றரை விரல் தேய்மானம் இருந்தாலும் கவலையில்லை என்று சொல்லிவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்தார் வெல்டிங்காரர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லேத்தை வெளியேற்றினார்கள். நானூறு கிலோ. நாலு ஆண்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் இழுக்க, அது அசையாமல் இருந்தது. கடைசியில் சலூன்காரரின் வீட்டுக்காரி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சலவை மிஷின்களை இடம் மாற்றும்போது அவர்கள் செய்வதுபோல, கடப்பாரையால் ஒரு முனையை நெம்பி அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து, பின்னால் விடுபட்ட குழாயை முன்னால் போட்டு, சாணுக்குச் சாண் உருட்டவைத்தார். அரை மணி நேரத்தில் லேத் வாசலில் இருந்தது. அது நின்ற இடத்தில் தரை எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. அதையும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து தேய்த்துக் கழுவினார்கள். சனிக்கிழமை கட்டில் வந்தது. டிரைவர் ஜன்னல் வழியே தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தார்.

சலூன்காரர் இதோடு கணக்கு நேர் என்று நினைத்திருந்தார். டர்னரம்மா அப்படி நினைக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கம்பளித்துணி வைத்த ஒரு சின்னப் பெட்டியோடு சலூன்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெட்டிக்குள் டயல் கேஜ் இருந்தது. கடிகாரம் போன்ற முகம். முடியில் ஏழில் ஒரு பங்கு அசைந்தாலும் முள் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் செய்யப்போவதில் பெரியது அந்தச் சக்கரம்தான், அது மூன்று விரல் அகலம் என்று, புது மிஷின் விற்கிற கடைக்குப் போகிற வழியிலேயே கணக்குப் போட்டார். அதற்கு ஒரு முழ நீளத்துக்கு மேல் லேத் தேவையில்லை, வீட்டுக் கரண்டு போதும், இரண்டு பேர் தூக்கினால் மேஜையில் ஏறிவிட வேண்டும். கையில் இருப்பதையெல்லாம் லேத்திலேயே கொட்டிவிடக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு வெட்டும் கத்திகளுக்கும் அளக்கிற சாமான்களுக்கும் வேண்டும் என்று கறாராகச் சொன்னார்.

கடையில் அந்த அளவில் மூன்று லேத்துகள் இருந்தன. சலூனில் விளையாட்டுச் சாமான் என்று சொன்ன அதே ரகம். மூன்றையும் ஓட்டிக் காட்டச் சொன்னதும் கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. எல்லாம் ஒரே இடத்தில் செய்தது, காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்குகிறீர்களே என்று முனகினார். டர்னரம்மா காதில் வாங்கவில்லை. முதல் லேத்தில் முள் துள்ளியது. இரண்டாவதில் கைப்பிடியைச் சுற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது, வருகிறவர்கள் பார்ப்பதற்காக ஒரு வருடமாக வெளியே வைத்திருந்தது. முன்பக்கம் பெயின்ட் உரிந்திருந்தது. அதில் முள் அசைந்ததா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இதை எடுங்கண்ணே. பெயின்ட்டா கடைசல் பிடிக்கப் போகுது?"

பெயின்ட் உரிந்ததற்காக விலையும் கொஞ்சம் குறைந்தது. அதைக் குறைக்கவைத்தது வீட்டுக்காரி.

புது லேத்தை வாங்கியவுடன் ஓட்டவும் கூடாதாம். பாகம் பாகமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பிசிறு இருந்த விளிம்புகளை அரத்தால் தடவி, திரும்பப் பூட்டி, இறுக்கம் பார்த்து, இரண்டு செவ்வாய்க்கிழமைகள் அதிலேயே போயின. கத்தியைச் சுத்தம் செய்து சாணை பிடித்தே பழகிய மனிதருக்கு அது அலுக்கவில்லை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை பித்தளைக் கம்பியை மாட்டினார். பித்தளை சீறிக்கொண்டு தங்கத்தூளாய் மேஜையில் கொட்டியது. முடித்ததும் தண்டின் ஒரு முனையை அளந்தார், நடுவை அளந்தார், மறுமுனையை அளந்தார். ஒரே எண். நம்பாமல் திரும்பவும் அளந்துவிட்டு வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

"இதுக்கா பத்து வருஷம்?" என்றார் அவர். சொல்லிவிட்டு, அந்தத் தண்டைக் கையில் வாங்கி இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். உடனே கொடுக்கவில்லை.

லேத் வந்ததும் இன்ஜின் தானாக வந்துவிடவில்லை. நாலு சிலிண்டர் வீணாயிற்று. ஒரு சக்கரம் சுற்றும்போது நழுவிப் பறந்து துணிக்கூடைக்குள் விழுந்தது, வீட்டுக்காரியின் பாதிக்குள். அதற்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினார். ஆனால் இப்போது எங்கே தப்பு என்று தெரிந்தது. தெரியாதபோது பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெரிந்துகொண்டார். டிரைவருக்கு முடி வெட்டப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில், வீணான பாகத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போவார். டர்னரம்மா உருட்டிப் பார்த்துச் சொல்வார்.

ஏழாவது மாதம் இன்ஜின் ஓடியது. நெருப்பு வைக்குமுன் வாயால் ஊதிப் பார்க்கலாம் என்று ஒரு மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி ஊதினார். சக்கரம் ஒரு தயங்கு தயங்கிவிட்டுக் கிறுகிறுவென்று சுற்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு இருவரும் டர்னரம்மா வீட்டுக்குப் போனார்கள்.

டிரைவரின் கட்டிலுக்குக் குறுக்கே சாப்பாட்டுப் பலகை இருந்தது. அதன்மேல் இன்ஜினை வைத்து சலூன்காரர் ஊதிக் காட்டினார். டிரைவர் இடது கையை நீட்டிக் குழாயைக் கேட்டார். டர்னரம்மா தயங்கினார். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண், தினமும் உறிஞ்சுகுழலால் தண்ணீரில் ஊதச் சொல்லியிருந்தாராம். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று டிரைவர் குழலைத் தட்டிவிட்டுவிடுவாராம்.

டிரைவர் ஊதினார். பாதிக் காற்று கோணிய வாயோரம் வெளியே போயிற்று. டர்னரம்மா குனிந்து அந்த ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தார். டிரைவர் திரும்ப ஊதினார். சக்கரம் மூன்று சுற்று சுற்றி நின்றது.

"இன்னொரு..." என்றார் டிரைவர். அது எல்லாருக்கும் புரிந்தது.

அன்றைக்கு அவர் எத்தனை முறை ஊதினார் என்று யாரும் எண்ணவில்லை. கிளம்புகிற நேரத்தில் சலூன்காரர் இன்ஜினை எடுக்கவில்லை. தெருவுக்கு வந்தபிறகு வீட்டுக்காரி கேட்டார்.

"பத்து வருஷம் உசுரை விட்டுச் செஞ்சதை அங்கேயே வச்சிட்டு வர்றீங்களே?"

"இன்னொண்ணு செஞ்சா போச்சு. அதான் லேத் இருக்கே" என்றார் சலூன்காரர்.

டிரைவர் இப்போது காலையிலும் மாலையிலும் ஊதுகிறார். வார்த்தைகள் முழுசாக வருவதில்லை. ஆனால் தெருவில் எந்த வண்டி போகிறது என்று ஜன்னல் வழியே பார்த்துச் சொல்கிறார், சொல்வது புரிகிறது. சலூன்காரர் இரண்டாவது இன்ஜினின் சிலிண்டரில் இருக்கிறார். டர்னரம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் போகிறார். ஒருமுறை தைரியமாக ஆரம்பித்தும்விட்டார். டர்னரம்மா பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, உருட்டிப் பார்த்து, லேத் கத்தியின் முனை மழுங்கிவிட்டது, போனதும் முதலில் அதைச் சாணை பிடியுங்கள் என்றார். சலூன்காரர் தலையாட்டிவிட்டு, டிரைவரின் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்ட ஆரம்பித்தார்.